நாவலரும் எங்கட பள்ளிக்கூடங்களும்

எங்கட ஆக்கள் இரண்டு பேர் ஒரு கலியாண வீட்டில் முதன்முதலாகக் கண்டு கதைத்தால் முதல் கேள்வி ஊர் எது என்பது. இரண்டாவது கேள்வி எந்தப் பள்ளிக்கூடம் என்பது. வயது, வேலை, விசா எல்லாம் அதற்குப் பிறகுதான். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் ஊர்ச் சங்கங்கள் எவ்வளவு இருக்கோ, பழைய மாணவர் சங்கங்களும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கு. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் ஒருவருடைய பாதி வரலாறு சொன்ன மாதிரி. வேறு எந்தச் சனத்துக்கும் இப்படி இருக்கோ தெரியாது. எங்களுக்கு இருக்கு.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பல பேருடைய பெயர் வரும். அமெரிக்காவிலிருந்து வந்த பாதிரிமார் வருவினம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் வருவார். என்றாலும் நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். அவர்தான் நல்லூர் ஆறுமுக நாவலர். இந்தச் சித்திரை மலருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுத விரும்பினேன்.

நான் பண்டிதர் இல்லை. ஏ.எல். வரை படித்தவன். மூன்று பாடமும் சித்தி, இசட் புள்ளி காணாது, பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. 2012இல் வள்ளத்தில் வந்து, இப்போது மேற்கு சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் மட்டைப்பெட்டி செய்கிற மெஷினில் நிற்கிறேன். நாவலரைப் பற்றி எழுதப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கினம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே இருந்தவர்கள் எழுதுவது வேறு, வாசலில் நின்றவர்கள் எழுதுவது வேறு. எனக்கு இதை எழுத ஒரு காரணம் இருக்கு. அதை இடையில் சொல்லுகிறேன்.

நல்லூரில் பிறந்த பிள்ளை

ஆறுமுகம் 1822ஆம் ஆண்டு மார்கழி 18ஆம் திகதி நல்லூரில் பிறந்தார். தகப்பனார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி. வீட்டில் கடைசிப் பிள்ளை. தகப்பனாருக்குத் தமிழும் நாடகமும் கைவந்தவை. பிள்ளைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவர் இறந்து போனார்.

அந்தக் காலத்தில் படிப்பு என்றால் திண்ணைப் பள்ளிக்கூடம்தான். மணலில் விரலால் எழுதி, பிறகு ஏட்டில் எழுத்தாணியால் எழுதிப் பழக வேண்டும். அச்சுப் புத்தகம் அருமை. ஆறுமுகம் அப்படித்தான் தொடங்கினார். அதன் பிறகு சரவணமுத்துப் புலவரிடமும் அவருடைய குருவான சேனாதிராய முதலியாரிடமும் இலக்கண இலக்கியம் படித்தார். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் தமிழ் படிக்க அதைவிடப் பெரிய இடம் இல்லை.

தமிழ் மட்டும் இருந்தால் போதாது என்று வீட்டார் நினைத்தார்கள். ஆங்கிலம் படிக்க வேண்டும் என்றால் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். அப்படி அவர் போனது வெஸ்லியன் மிஷன் நடத்திய பள்ளிக்கூடம். அதுதான் பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியாக வளர்ந்தது. அதை நடத்தியவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். பெடியனின் கெட்டித்தனத்தைக் கண்டு, இருபது வயதாகும் முன்னரே அங்கேயே படிப்பிக்க வைத்தார். பேர்சிவல் அப்போது பைபிளைத் தமிழில் திருத்தி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலைக்கு ஆறுமுகத்தைத் துணையாக வைத்துக்கொண்டார். அந்தத் தமிழ்ப் பைபிள் 1850இல் சென்னையில் அச்சாகி வந்தது. சைவத்துக்காக வாழ்நாள் முழுக்க வாதாடின மனிதருடைய கை கிறிஸ்தவ வேதப் புத்தகத்தின் தமிழிலும் இருக்கு. எங்கட வரலாறு இப்படித்தான், ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

மிஷன்காரர் போட்ட பாதை

நாவலர் என்ன செய்தார் என்று விளங்க வேண்டும் என்றால் அப்போதைய யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். எங்கட மண்ணில் ஆறு இல்லை. கிணற்றுத் தண்ணியை இறைத்து, சின்னச் சின்னத் துண்டுக் காணியில் பயிர் செய்கிற சனம். காணி பிள்ளைகளுக்குள் பிரிபடப் பிரிபட மிஞ்சுகிறது கொஞ்சம். அப்படிப்பட்ட இடத்தில் படிப்பு ஒரு காணி மாதிரி ஆனது. அதைப் பிரிக்கவும் முடியாது, மழை பிழைத்தால் வாடவும் மாட்டாது.

1816இல் அமெரிக்க மிஷன்காரர் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினது. அங்கே ஆங்கிலத்தோடு தமிழும் கணக்கும் வானசாஸ்திரமும் படிப்பித்தார்கள். 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் வந்தது. பெண் பிள்ளை எழுத்துப் படித்தால் கூடாது என்று நினைத்த காலம் அது. பிறகு மானிப்பாயில் டொக்டர் கிறீன் என்பவர் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக பி.ஏ. பட்டம் கொடுத்தபோது அதைப் பெற்ற இரண்டு பேருமே வட்டுக்கோட்டையில் படித்த யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அதே தாமோதரம்பிள்ளைதான்.

ஆகவே மிஷன்காரர் செய்த நன்மையை மறைக்கக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. படிப்பு வேண்டும் என்றால் அவர்களுடைய சமயத்தையும் படிக்க வேண்டும். உத்தியோகம் வேண்டும் என்றால் பெயரையும் மாற்ற வேண்டிய நிலை சிலருக்கு வந்தது. படிப்பா, பரம்பரையா என்று ஒரு பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கிற மாதிரி. இரண்டும் ஒன்றாக இருக்க ஏலும் என்று காட்டத்தான் நாவலர் வெளிக்கிட்டார்.

வண்ணார்பண்ணைப் பள்ளிக்கூடம்

1847ஆம் ஆண்டின் கடைசி நாள், மார்கழி 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுகம் தன்னுடைய முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்லுவது எங்களுக்குப் புதிது இல்லை. ஆனால் ஒரு விசயத்தை எடுத்து, சாதாரணச் சனத்துக்கு விளங்கக்கூடிய வசன நடையில், ஒழுங்காகப் பேசுவது புதிது. அது பாதிரிமாரிடம் பார்த்துப் பழகினது. வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது.

அடுத்த வருடம், 1848இல், மிஷன் வேலையை விட்டார். வயது 25. மாதச் சம்பளம் வருகிற நல்ல வேலை. அதை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பெயரைப் பார்த்தால் பழைய காலத்துப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். உள்ளே அப்படி இல்லை. வகுப்பு வகுப்பாகப் பிரித்து, நேரம் போட்டு, பாடப்புத்தகம் வைத்து, பரீட்சை நடத்திப் படிப்பித்த பள்ளிக்கூடம் அது. வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் தான் கண்ட முறையை எடுத்து, அதற்குள் தமிழையும் சைவத்தையும் வைத்தார். எதிரியிடம் படித்துக்கொள்ளுவதை அவர் வெட்கமாக நினைக்கவில்லை.

இதே காலத்தில் நாங்கள் இப்போது இருக்கிற நாட்டில் என்ன நடந்தது என்று பார்த்தேன். சிட்னிப் பல்கலைக்கழகம் 1850இல் தொடங்கியிருக்கு. மெல்பேர்ண் பல்கலைக்கழகம் 1853இல். இரண்டையும் அந்தந்தக் குடியேற்ற நாட்டுச் சட்டசபை சட்டம் போட்டு, அரசாங்கப் பணத்தில் தொடங்கினது. வண்ணார்பண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அப்படி ஒரு பின்னணி இல்லை. அரசாங்க உதவிப்பணம் பல வருடமாகக் கிடைக்கவில்லை. அந்தப் பணம் பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடங்களுக்கே போனது. கூட இருந்த சிநேகிதரும் மாணவரும் சேர்ந்து படிப்பித்தார்கள். வண்ணார்பண்ணை வியாபாரிகள் உதவினார்கள். வீடுகளில் பிடியரிசி சேர்த்தும் பள்ளிக்கூடம் நடந்ததாக அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. அம்மாமார் உலை வைக்கிறபோது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து ஒரு பானையில் போட்டு வைப்பது. அது சேர்ந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

ஒரு பிடி அரிசியால் யாரும் ஏழையாகப் போகிறதில்லை. ஆனால் நாள் தோறும் கை வைத்து எடுத்துப் போடுகிறவர்களுக்கு அந்தப் பள்ளிக்கூடம் தங்கட பள்ளிக்கூடமாகிவிடும். எங்கட சனத்துக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள பிடிப்புக்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். மேலே இருந்து யாரோ தந்தது என்றால் இவ்வளவு பாசம் வராது.

அச்சுக்கூடமும் பாலபாடமும்

பள்ளிக்கூடம் தொடங்கியாயிற்று, புத்தகம் எங்கே? இருந்த பாடப்புத்தகங்கள் மிஷன்காரர் அச்சடித்தவை. ஆகவே 1849இல் மாணவர் சதாசிவம்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அச்சு இயந்திரம் வாங்க இந்தியாவுக்குப் போனார். போகிற வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தில் பிரசங்கம் செய்தார். அங்கேதான் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கிடைத்தது. அன்றிலிருந்து நல்லூர் ஆறுமுகம் ஆறுமுக நாவலரானார்.

இயந்திரம் வந்து இறங்கினது. வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் தொடங்கினது. அதற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயர். பிறகு சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அதே பெயரில் நடந்தது. அங்கிருந்து வந்த புத்தகங்களை எண்ணினால் ஒரு மனிதர் இவ்வளவு செய்தாரா என்று இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாலபாடம், சமயம் படிக்கச் சைவ வினாவிடை, இலக்கணம் படிக்க இலக்கணச் சுருக்கம். பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கினார். திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு 1861இல் பதிப்பித்தார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு 1868இல் வந்தது.

இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பாலபாடம்தான். முதல் புத்தகத்தில் சின்னச் சொல், சின்ன வசனம். பிறகு படிப்படியாகப் பெரிய வசனம், பெரிய விசயம். ஏட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, புள்ளி இல்லை. படிப்பிக்க வாத்தியார் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். நாவலருடைய புத்தகங்களில் சந்தி பிரித்து, காற்புள்ளி முற்றுப்புள்ளி போட்டு, எங்கே நிறுத்துவது எங்கே மூச்சு விடுவது என்று காட்டியிருக்கும். தமிழ் வசனத்தில் இந்தக் குறியீடுகளை ஒழுங்காகப் பயன்படுத்தி வழக்கத்துக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அதாவது எழுத்துத் தெரிந்த ஒருவர் வாத்தியார் இல்லாமலும் தானாகப் படிக்கலாம். இது ஒரு சின்ன விசயம் மாதிரிக் கிடக்கும். எங்கட குடும்பத்துக்கு அது சின்ன விசயம் இல்லை.

சிதம்பரமும் கஞ்சித்தொட்டியும்

நாவலர் கலியாணம் செய்யவில்லை. சொத்துச் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஊரிலே பல கிராமங்களில் பள்ளிக்கூடம் வருவதற்குத் தூண்டுதலாக இருந்தார். 1872இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கு ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடமும் தொடங்கினார். அது பணம் போதாமல் சில வருடங்களில் நின்றுபோனது.

அவர் இலேசான மனிதர் இல்லை. பாதிரிமாரோடு கண்டனப் புத்தகப் போர் நடத்தினார். கோயில் நிருவாகத்தோடு சண்டை பிடித்தார். வள்ளலாரின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா என்று நடந்த தர்க்கம் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. தனக்குச் சரி என்று பட்டதில் ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆனால் 1876, 1877இல் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தபோது அதே மனிதர் தெருவில் இறங்கிப் பணமும் அரிசியும் சேர்த்துக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். சனம் சாகும்போது அரசாங்க ஏசண்டர் சரியாகக் கவனிக்கவில்லை என்று துணிந்து எழுதினார். 1879இல் சட்டசபையில் தமிழர் இடம் வெற்றிடமானபோது, அந்த இடத்துக்கு 28 வயதுப் பொன்னம்பலம் இராமநாதனை ஆதரித்து நின்றார். அதே ஆண்டு மார்கழி 5ஆம் திகதி இறந்தார். வயது 57 நிறையவில்லை.

வாசலில் நின்றவர்கள்

இனி நான் சொல்ல வேண்டிய விசயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு மலரில் இது தேவையா என்று சிலர் கேட்கலாம். பெரியவர்களுடைய வாழ்க்கையை எழுதினால் முழுக்க எழுத வேண்டும் என்பது என்னுடைய எண்ணம்.

நாவலருடைய பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த பள்ளிக்கூடம் இல்லை. சாதி ஆசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவே அவர் எழுதினார், அப்படியே நடந்தார். அவர் கண்ட சைவத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் வாசல் குறிப்பிட்ட சாதிகளுக்கு அடைத்திருந்தது. அது அந்தக் காலத்து வழக்கம்தானே என்று சொல்லுகிறார்கள். வழக்கம்தான். ஆனால் அவர் மாற்றத் துணிந்த வழக்கங்களும் எத்தனையோ இருந்தன. இதை மாற்ற அவர் நினைக்கவில்லை.

அவர் மறைந்து 50 வருடமாகியும் அது மாறவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் விட்டாலும் சில பிள்ளைகளுக்கு வாங்கு இல்லை. நிலத்தில் இருக்க வேண்டும். ஹன்டி பேரின்பநாயகமும் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசும் சமாசனம் வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். 1930ஐ ஒட்டி, உதவிப்பணம் பெறுகிற பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்று வந்தபோது, சில பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். நெருப்பு வைத்தது வெளியார் இல்லை, எங்கட சனம்தான்.

என்ர அப்பப்பா அதற்குப் பிறகு, 1930களின் கடைசியில், ஊர்ப் பக்கத்து ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனவர். சட்டம் வந்துவிட்டது, வாங்கு வரவில்லை. நிலத்தில்தான் இருந்தாராம். வாத்தியார் சிலேட்டைத் தொட மாட்டார், தூரத்தில் நின்று பார்த்துச் சரி பிழை சொல்லுவார். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டது. யாரோ வீட்டில் எறிய வைத்திருந்த ஒரு பழைய பாலபாடம் அவர் கைக்கு வந்தது. முன் ஒற்றை கிழிந்த புத்தகம். பகல் வேலை முடிந்து, இரவில் குப்பி விளக்கில், வாத்தியார் இல்லாமல், புள்ளி வைத்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தாராம். பிறகு கந்தபுராண வசனம் வரைக்கும் வந்தார். அப்பாவுக்கு எழுத்துப் படிப்பித்தவர் அவர். எங்களுக்கும் ஆனா ஆவன்னா தொடக்கினவர் அவர்தான்.

யோசித்துப் பாருங்கள். நாவலருடைய பள்ளிக்கூடம் என்ர அப்பப்பாவை உள்ளே விட்டிருக்காது. நாவலருடைய புத்தகம் அப்பப்பாவின் குடிசைக்குள் வந்துவிட்டது. வாத்தியார் இல்லாமலே படிக்கலாம் என்று ஒரு மனிதர் வசனத்தை உடைத்து வைத்தால், அதை யார் படிப்பார்கள் என்று அவராலும் கட்டுப்படுத்த ஏலாது. அதனால்தான் எனக்கு நாவலரில் கோவமும் இருக்கு, நன்றியும் இருக்கு. இரண்டில் ஒன்றை விடச் சொன்னால் என்னால் முடியாது.

இது எங்களுக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை. இந்த நியூ சவுத் வேல்சில் 1902 முதல், வெள்ளைக்காரத் தாய் தகப்பன் ஆட்சேபித்தால் ஆதிவாசிப் பிள்ளைகளை அரசாங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியில் விடலாம் என்று ஒரு விதி இருந்தது. அது 1972 வரை ஆசிரியர் கைநூலில் கிடந்தது. 1965இல் சிட்னிப் பல்கலைக்கழக மாணவன் சார்லஸ் பேர்கின்ஸ் ஒரு பஸ் பிடித்து, மற்ற மாணவர்களோடு ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட அநியாயங்களைக் காட்டினார். அடுத்த வருடம் பட்டமும் பெற்றார். ஆதிவாசி ஆண்களில் அந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் பட்டதாரி அவர்தான். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது 116 வருடம்.

அவருக்குப் பிறகு

நாவலர் தொடங்கினது அவரோடு நிற்கவில்லை. அவருடைய ஆங்கிலப் பள்ளிக்கூட ஆசையைச் சைவ பரிபாலன சபை கையில் எடுத்தது. 1890இல் வண்ணார்பண்ணையில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதன் கீழ் வந்தது. நாவலர் ஆதரித்த இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண் பிள்ளைகளுக்கு இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதற்குப் பிறகுதான் எங்களைப் போன்ற வீடுகளில் படிப்பு உண்மையாக நுழைந்தது. அப்பா வாங்கில் இருந்து படித்தார்.

பிறகு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். 1971இல் தரப்படுத்தல் வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டி வந்தது. ஒரு சனம் தன்னுடைய முழு நம்பிக்கையையும் படிப்பில் வைத்திருந்தது. அந்த இடத்தில் கை வைத்தார்கள். அதனால்தான் அந்தக் காயம் அவ்வளவு ஆழமாகப் போனது. 1974இல் பரமேசுவராக் கல்லூரி இருந்த அதே வளவில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது. அதன் முதல் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமானது. நாவலர் இறந்து சரியாக 100 வருடம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 புத்தகம். எங்களை எங்கே அடித்தால் வலிக்கும் என்று எரித்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இங்கே நாங்கள்

இப்போது இங்கே வருவோம். சனி, ஞாயிறுகளில் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் அரசாங்கப் பள்ளிக்கூட வகுப்பறையை இரவல் வாங்கி. கரும்பலகையில் இருந்ததை அழிக்காமல், வெள்ளைக்காரப் பிள்ளையின் படத்தைச் சுவரிலிருந்து விழுத்தாமல், கவனமாக நடத்த வேண்டும். கிழமை முழுக்க வேலை செய்த ஆக்கள் வந்து படிப்பிக்கினம். அந்தப் பிள்ளைகள் இங்கே எச்.எஸ்.சி.யிலும் மெல்பேர்ணில் வி.சி.ஈ.யிலும் தமிழை ஒரு பாடமாக எடுக்கலாம். வண்ணார்பண்ணையில் 1848இல் நடந்ததும் இதுதான். பெரிய இடத்துப் பணம் இல்லை, ஆக்கள் இருந்தார்கள்.

ஆனால் இங்கேயும் ஒரு வாசல் இருக்கு. 2012, 2013இல் வள்ளத்தில் வந்த எங்கட குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நல்ல புள்ளியும் எடுத்தார்கள். பல்கலைக்கழகம் என்று வந்தபோது, தற்காலிக விசா, பிரிட்ஜிங் விசாக்காரருக்கு அரசாங்கக் கல்விக் கடன் இல்லை, வெளிநாட்டு மாணவர் கட்டணம் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டது. 2023 மாசியில் தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு வழி திறந்தது. அதில் எங்கட வீடும் ஒன்று. ஆனால் வழக்கு மறுக்கப்பட்ட குடும்பங்களுக்கு அந்த வழி திறக்கவில்லை. என்னோடு ஒரே லைனில் நின்ற ஒரு அண்ணையின் மகள் கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள். படிப்பை முடித்ததும் ஒரு கடையில் தட்டுகளுக்குச் சாமான் அடுக்கப் போனாள். தகப்பன் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டார், மெஷினைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சில பல்கலைக்கழகங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கின்றன. இடம் கொஞ்சம், கேட்கிற பிள்ளைகள் கூட.

விசாவைக் கொடுக்க எங்களால் ஏலாது. பிடியரிசி எடுத்துப் போட ஏலும். ஒவ்வொரு வீடும் கிழமைக்கு ஒரு கோப்பிக் காசை வேறாக வைத்தால், ஒரு பிள்ளையின் முதல் வருடப் படிப்புக்குக் கை கொடுக்கலாம். ரேஃப் படிப்புக்கோ, புத்தகத்துக்கோ, றெயின் காசுக்கோ உதவலாம். எங்கட சங்கம் இதை இந்த வருடம் தொடங்க வேண்டும் என்பது என்னுடைய வேண்டுகோள். தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் வேலை அனுமதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் காசு கேட்கக் கூடாது. இன்னும் ஒன்று. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யாருடைய பிள்ளை என்று இன்றைக்கும் சிலர் வளைத்து வளைத்துக் கேட்கினம். அதைக் கேட்கிறவர்கள் எதற்காகக் கேட்கினம் என்று கேட்கப்படுகிற எங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கேள்வி பள்ளிக்கூட வாசலுக்குள் வரக் கூடாது. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம், தமிழ்நாடு எங்கேயிருந்து வந்த பிள்ளை என்றாலும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாவலர் எங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டக் காட்டித் தந்தார். அரசாங்கத்தைப் பார்த்துக்கொண்டு இராமல் கையில் உள்ளதைக் கொண்டு தொடங்கக் காட்டினார். எங்கட தமிழைக் குழந்தையும் படிக்கக்கூடிய வசனமாக்கினார். வாசலை அகலத் திறக்கிற வேலையை அவர் செய்யவில்லை. அது பின்னால் வந்தவர்கள் அடிவாங்கிச் செய்த வேலை, இன்னும் முடியாத வேலை. இந்த நாட்டில் அதை முடிக்கிறதற்கு எங்களுக்கு ஒரு தடையும் இல்லை.

இந்தச் சித்திரையில் பால் பொங்கும்போது ஒரு பிடி அரிசியை வேறாக எடுத்து வையுங்கோ. வாசகர்கள் எல்லோருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும், என்னுடைய புத்தாண்டு வாழ்த்துக்கள்.